ஏழு வருஷமாக விமான நிலையத்தில்

ஸ்பெயினில் வில்லார்செக்கோ என்ற ஊரில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஆரம்பித்து ஏழு வருஷமாகிறது. இதுவரை ஒருவரும் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை.

குற்றம் பாடப்புத்தகத்துடையது அல்ல. அதில் முதல் பாடம்தான் விமான நிலையம். அதற்கப்புறம் ஓட்டல், ரயில் டிக்கெட், தொலைந்துபோன பெட்டி, வைத்தியரிடம் வயிற்றுவலி சொல்வது என்று ஊர் சுற்றுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக நாலு பேர் வந்து சேருவார்கள். ஆசிரியை அம்பாரோ அவர்களுக்காக மறுபடி முதல் பக்கத்தைத் திறப்பாள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டுவதற்குள் ஆலிவ் பறிப்பு வந்துவிடும். அது முடிந்தால் ஈஸ்டர் ஊர்வலம். அதுவும் முடிந்தால் வெயில். தப்பித் தவறி ஒரு வருஷம் டிக்கெட் வாங்கும் பாடத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி விமான நிலையத்துக்கே திரும்பினார்கள். அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆகவே அந்த ஊரில் பாதிப் பேரைத் தூக்கத்தில் எழுப்பி, "தங்கள் பெட்டியைத் தாங்களே கட்டினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், "ஆம், நானே கட்டினேன், அதில் கூர்மையான பொருள் எதுவும் இல்லை" என்று பதில் வரும். இலக்கணமும் உண்டு. "நீங்கள் எப்போதாவது லண்டன் போயிருக்கிறீர்களா?" என்று அம்பாரோ கேட்பாள். "இல்லை, நான் இன்னும் போகவில்லை" என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். அந்த 'இன்னும்' வாக்கியத்தில் எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு மாசம் சண்டை நடந்தது. போவதற்கு ஒருவருக்கும் உத்தேசமில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஆங்கிலம் கற்கலாம், ஆனால் ஆங்கிலம் மாதிரி பேசக்கூடாது. 'ஸ்டேஷன்' என்பதை 'எஸ்தேஷொன்' என்று சொல்ல வேண்டும். ர வந்தால் மோட்டார் சைக்கிள் கிளம்புகிற மாதிரி உருட்ட வேண்டும். அப்படிச் சொன்னால் நீங்கள் நம்ம ஆள். ஒழுங்காக உச்சரித்தீர்களோ, தொலைந்தீர்கள்.

கஸில்தா முதல் வருஷமே தொலைந்தாள். அவளுக்குக் காது கூர்மை. ஒரு தடவை கேட்டால் அப்படியே நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். விவரம் தெரியாமல் ஒருநாள் வகுப்பில் 'ஸ்டேஷன்' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கூமெர்ஸிந்தோதான்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா! இங்கிலாந்து மகாராணி வந்திருக்காங்க!"

"போயா, லூசு."

"பீட்டர் விடாதடி கஸில்தா. நேத்து வரைக்கும் நம்மளோட சேந்து பன்றித் தொடை தின்னவதானே நீ?"

விஷயம் மறுநாள் காலைக்குள் மீன் கடைக்குப் போய்விட்டது. "மகாராணிக்கு என்ன மீன் போடட்டும்?" என்றான் மீன்காரன். ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் முழங்காலை மடித்து வணக்கம் வைத்தார்கள். வில்லார்செக்கோவில் ஒரு பட்டப்பெயர் வைத்தால் அது கல்லறைக் கல் வரைக்கும் கூட வரும் என்பது கஸில்தாவுக்குத் தெரியும். அடுத்த வகுப்பிலிருந்து அவளும் 'எஸ்தேஷொன்' என்றே சொன்னாள். ஊர் அவளை மன்னித்தது.

ஆனால் அவள் ஆங்கிலத்தை விடவில்லை. மத்தியானம் கூமெர் குறட்டை விடும் நேரத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே லண்டன் வானொலிக்காரியோடு சேர்ந்து முணுமுணுப்பாள். ஆங்கிலப் படங்களில்கூட எல்லோரும் ஸ்பானிய மொழியில் வசனம் பேசும் நாட்டில் இப்படி ஒருத்தி திருட்டுத்தனமாகத்தான் ஆங்கிலம் கேட்க வேண்டியிருந்தது. சட்டை காலரும் ர-வும் ஒன்றாக மடிந்து படிந்தன. ஐந்தாவது வருஷத்தில் அவளுக்குப் புரியாத வாக்கியம் அபூர்வமாகிவிட்டது. இது வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒரே மகள் எல்விராவுக்காக. அவள் லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக இருந்தாள். கஸில்தாவின் கணக்கில் லீட்ஸ் எட்டும் தூரம். காலையில் கிளம்பினால் சாயங்காலம் மகளுடைய சமையலறையில் நின்று குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தால், ஒரு காய்ச்சல் வந்தால், யார் தயவும் இல்லாமல் தனியாகப் போய் இறங்க வேண்டும். மகள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. விமானம் அவள் கையில் இல்லை. மொழியாவது இருக்கட்டுமே என்று பார்த்தாள்.

கூமெர் வகுப்புக்கு வந்தது வேடிக்கை பண்ணுவதற்கு. அவனுக்கு ஊர்க்கோடியில் மெக்கானிக் ஷெட். நாள் முழுக்கக் காருக்கு அடியில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருப்பான். ஃபுட்பால் வர்ணனை என்பான். சாயங்காலம் வகுப்பில் வந்து விமானப் பணிப்பெண் மாதிரி கையை நீட்டி அவசர வழிகளைக் காட்டுவான். அம்பாரோவே சிரித்துவிடுவாள்.

இந்த நிலைமையில் எல்விராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஓவென், சாதுவான பையன். இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண ஆரம்பித்து மூன்று வருஷமாகிவிட்டது. ஆனாலும் கூமெர் ஒற்றைக் காலில் நின்றான்.

"சம்பந்திங்க நம்ம வீடு தேடி வந்து பொண்ணு கேக்கணும். கேக்காம நான் குடுக்க மாட்டேன்."

"அதான் அவளே போயிட்டாளேயா. இனிமே நீ என்னத்தைக் குடுக்கறது?"

"முறைன்னு ஒண்ணு இருக்குடி."

சம்பந்திக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கஸில்தா வகுப்பில் கேட்டாள். அப்படி ஒரு சொல்லே அங்கே கிடையாது என்றாள் அம்பாரோ. நம் மொழியில் அந்த உறவுக்குத் தனியாக ஒரு பேர் இருக்கிறது, அங்கே பேர்கூட இல்லாதவர்களிடம் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று கஸில்தாவுக்கு அன்று பூராவும் மனசு ஒரு மாதிரியாக இருந்தது. அதனாலேயே அந்தச் சம்பந்தியம்மாவிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். 'என் பெண் உடம்புக்கு முடியாவிட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டாள், நீங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.' இஸ்திரி போடும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி சம்பந்திகள் பன்னிரண்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். பாவம், மூன்று மணிக்கு முன்னால் இந்த வீட்டில் யாரும் தட்டைத் தொட மாட்டார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? டெஸ்மண்ட் உயரமானவர், முகம் வெயிலில் இறால் மாதிரி சிவந்திருந்தது. கிளெனிஸ் குள்ளம், எதைப் பார்த்தாலும் "அழகு, அழகு" என்றாள். கதவு அழகு, ஆலிவ் அழகு, கூமெரின் மாமா போட்டோவில் செத்துக் கிடப்பதும் அழகு.

கூமெர் வாசலிலேயே தன் ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டான்.

"வருக, வருக. தங்கள் பெட்டியைத் தாங்களே கட்டினீர்களா?"

டெஸ்மண்ட் தன் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். "ஆமாம்..." என்றார்.

"கூர்மையான பொருள் ஏதேனும்?"

"அப்பா!" என்றாள் எல்விரா.

"சும்மா இருடி, பேச்சு நல்லாத்தான் போயிட்டிருக்கு." அவர்களை மேஜைக்குக் கூட்டிப்போய், "ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா?" என்று கேட்டு உட்காரவைத்தான். இருவரும் ஜன்னல் ஓரம் என்றார்கள். இருந்தது ஒரே ஜன்னல். இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கஸில்தாவும் தன் பங்குக்கு, "எங்கள் ஊருக்கு வந்ததன் நோக்கம் வியாபாரமா, உல்லாசமா?" என்று ர-வைப் போட்டு உருட்டினாள். கூமெர் மெச்சிக்கொண்டான்.

ஒன்றரை மணி வாக்கில் எல்விராவும் ஓவெனும் கேக் வாங்கிவரக் கடைக்குப் போனார்கள். கூமெர் பின்கட்டில் அடுப்புக்குள் வேகும் ஆட்டுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கஸில்தா மேஜையில் முள்கரண்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் இருவரும் அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டு, தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"சாப்பாடு எப்பதான் போடுவாங்களாம்? ஆலிவா தின்னுதின்னு வயிறு எரியுது," என்றார் டெஸ்மண்ட்.

"சும்மா இருங்க. அந்தம்மா இங்கதான் நிக்கறாங்க."

"அவங்களுக்கு என்ன புரியப்போவுது? பெட்டிய நீயே கட்டினியான்னு வந்ததுலேர்ந்து நாலு தடவை கேட்டாச்சு. அந்த ஆளு குடுத்த ஒயின் வேற பிரேக் ஆயில் மாதிரி இருக்கு."

கஸில்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒயினைப் பற்றி அவளுடைய அபிப்பிராயமும் அதுதான்.

கிளெனிஸ் குரலைத் தழைத்தாள். "எனக்கு அவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு டெஸ். எல்விரா இன்னும் சொல்லல போலிருக்கே."

"எதை?"

"வெலிங்டன் போறதைத்தான். மார்ச்ல கிளம்பணும்னு ஓவென் சொன்னானே. நியூசிலாந்து என்ன பக்கத்துலயா இருக்கு? கேட்டதுலேர்ந்து எனக்கே தூக்கம் இல்ல. இவங்க பெத்த தாய்."

"அவளா சமயம் பாத்துச் சொல்லுவா. நீ வாயை விட்டுடாத."

"திரும்பி வருவாங்களா டெஸ்?"

"அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்? என் தம்பி வந்தானா?"

'இன்னும் சொல்லவில்லை.' எங்கே வைப்பது என்று ஒரு மாசம் அடித்துக்கொண்ட அந்த 'இன்னும்' தன் இடத்தில் வந்து சரியாக உட்கார்ந்துகொண்டது. ஏழு வருஷப் படிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பலன் கிடைத்தது.

அந்த இடத்திலேயே கஸில்தா சொல்லியிருக்கலாம். 'எனக்குப் புரிகிறது, உட்கார்ந்து விவரமாகச் சொல்லுங்கள்' என்று, வானொலிக்காரி மாதிரியே சுத்தமாக. வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதே நேரம் பின்கட்டிலிருந்து கூமெரின் குரல் கேட்டது. "மகாராணி! உப்பு எங்க வெச்சே?" அவ்வளவுதான். வாக்கியம் வந்த வழியே திரும்பி உள்ளே போய்விட்டது. பெண் உலகத்தின் மறுகோடிக்குப் போகிறாள், இவளோ மீன்காரன் என்ன சொல்வானோ என்று வாயை மூடிக்கொள்கிறாள். இப்படியும் ஒரு பிறவி.

கஸில்தா கடைசி முள்கரண்டியை நேராக வைத்தாள். கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, ஊரிலேயே கேவலமான உச்சரிப்பில், "மோர்ர்ர் ஒலிவெஸ்?" என்று கேட்டாள்.

"அழகு," என்றாள் கிளெனிஸ். அவள் கண் கலங்கியிருந்தது.

மூன்று மணிக்கு ஆட்டுக்குட்டி வந்தது. பசியில் டெஸ்மண்ட் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. கூமெர் எல்லோருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றி ஊற்றிக் கொடுத்தான். கஸில்தாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மகள் தானாகச் சொல்வாள் என்று காத்திருந்தாள். வழியும் திறந்துவிட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு எப்ப வர்றீங்க?"

"வருவோம்மா."

"ஆகஸ்ட் திருவிழாவுக்கு?"

எல்விரா ரொட்டியைப் பிய்த்தாள். "அப்ப பாத்துக்கலாம்மா. இப்பவே என்ன?"

"அடுத்த ஈஸ்டருக்கு?"

"அம்மா, சாப்பிடேன்மா நீ."

ஓவென் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கஸில்தா மகளுடைய முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்து சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரோ ஒருத்திக்குச் சொல்ல அவள் தயார் செய்துவைத்திருந்த வாக்கியம் இப்போது அவளுக்கே பயன்பட்டது.

தட்டுகளை எடுத்தாயிற்று. கேக் இன்னும் சமையலறையில் இருந்தது. கூமெருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வகுப்பில் எட்டிய அந்தப் பெருமைக்குரிய பாடம், டிக்கெட் கவுன்ட்டரில் 'போக மட்டுமா, போய்வரவா' என்று கேட்பது, ஞாபகம் வந்தது. நாப்கினைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு கிளெனிஸின் முன்னால் போய் நின்றான்.

"எங்கே செல்ல வேண்டும், அம்மையே? லீட்ஸ்? சிங்கெல், ஓர்ர் ர்ரெத்தூர்ன்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளெனிஸ் கையைத் தட்டி, "ரிட்டர்ன், ரிட்டர்ன்!" என்றாள். சிரிப்பு அடங்கவில்லை. கஸில்தா மகளின் பக்கம் திரும்பினாள். ர-வை உருட்டவில்லை. ஒரு எழுத்தைக்கூடச் சிதைக்கவில்லை.

"வெலிங்டன்," என்றாள். "சிங்கிள், ஆர் ரிட்டர்ன்?"

டெஸ்மண்டின் முகத்தில் வெயில் கொடுக்காத சிவப்பும் சேர்ந்துகொண்டது. பிரேக் ஆயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிளெனிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூமெர் நாப்கினோடு திரும்பி, "பாருங்கப்பா, மகாராணி வா..." என்று ஆரம்பித்தவன், மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். எல்விராவின் கண்ணில் நீர் முட்டி நின்றது.

அப்பாவுக்குப் புரியக்கூடாது என்று அவளும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள், தாழ்ந்த குரலில். "ஐ டோன்ட் நோ, மம். டூ இயர்ஸ். மே பி மோர்."

"என்னடி சொல்றா?" என்றான் கூமெர். "வெலிங்டன்னா என்ன? ஓட்டலா?"

எல்லோரும் கஸில்தாவையே பார்த்தார்கள். இருபத்துநாலு மணி நேரமும் வாயாடுகிற புருஷனுக்கு, ஒன்றும் தெரியாதவள் என்று பேர் வாங்கியவள் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பெண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நியூசிலாந்துல ஒரு ஊராம். வேலைக்காகப் போறாங்களாம். ரெண்டு வருஷம். ரிட்டர்ன் டிக்கெட்தானாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்படித்தானேடி சொன்னே?"

எல்விரா அம்மாவைப் பார்த்தாள். இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள். தான் சொன்னது என்ன, இவள் சொன்னது என்ன என்பது இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"ஆமாம்பா," என்றாள். "அப்படித்தான் சொன்னேன்."

"அவ்வளவுதானா?" கூமெர் தொப்பியைக் கழற்றி மேஜையில் போட்டான். "இதைச் சொல்லவா இவ்வளவு மூஞ்சி? ரெண்டு வருஷம்னா என் லாரி ஸ்பேர் பார்ட் வர்ற நேரம். நான் போயி கேக் எடுத்துட்டு வர்றேன்."

அவன் போய் வெகு நேரமாகியும் வரவில்லை. கத்தியைத் தேடிக்கொண்டிருப்பான், ஏழு வருஷமாக அது ஒரே டிராயரில் இருந்தாலும் கண்டுபிடிக்கத் தெரியாது என்று கஸில்தா எழுந்து போனாள். கேக் பெட்டி பிரிக்காமல் இருந்தது. கூமெர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"மே பி மோர்னு சொன்னாளே," என்றான் திரும்பாமல். "அதை ஏன்டி விட்டுட்டே?"

ர உருளவில்லை. அந்தச் சொற்கள் லண்டன் வானொலியில் வருகிற மாதிரி சுத்தமாக வந்தன.

"காருக்கு அடியில நீ ஃபுட்பாலா கேட்டுக்கிட்டிருந்தே?"

"சில நாள் ஃபுட்பாலும் கேப்பேன்."

"எதுக்குய்யா மறைச்சே?"

"நீ எதுக்கு மறைச்சே?"

கூடத்தில் கிளெனிஸ் எல்விராவிடம் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நின்ற இருவருக்குமே அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. புரியவும் செய்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் திருட்டுத்தனமாக மகளை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவள் அதற்குள் இன்னும் எட்டிப் போய்விட்டாள். கஸில்தாவுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவில்லை.

"நான் ரிட்டர்ன்னே கேட்டதா வெச்சுக்கறேன்," என்றான் கூமெர். "நீ சொன்னதுதான் சரி."

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, கைத்துண்டில் அழுத்தித் துடைத்தான். கேக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்து வாசலில் போய் நின்றான். ஊரிலேயே படுமோசமான உச்சரிப்பில் முழங்கினான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கடைசி அழைப்பு! கேக்!"

டெஸ்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். எல்விராவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கஸில்தா எல்லோருக்கும் தட்டு எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.